பல்லடம் சாலையில் ஒரு பள்ளி வேன்

ஒரு மாதம் வேன் ஓட்டுவதற்கென்றே கடல் தாண்டிப் போனவன் மலேசியாவின் ஈப்போவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போகச் சொன்னது என் மனைவி லெட்சுமி. எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து சங்கம் மாதிரி ஒன்றை நடத்திவந்தார்கள். அதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. தீபாவளிக்கு முறுக்கு சுடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், விற்பார்கள். வருகிற பணம் திருப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு எதிர்க் கடையில் பல்லடத்துக்காரர் ஒருவர் சமையல் வேலை பார்த்தார். அவருடைய தங்கை கோகிலா நடத்துகிற பள்ளி அது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளில் நடக்க முடியாதவர்கள், பேச முடியாதவர்கள், வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் பகல் முழுக்க அங்கே இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். முறுக்கு மாவு மூட்டையைத் தூக்கி வைப்பதோடு என் தொண்டு முடிந்துவிடும்.

ஒருநாள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்த லெட்சுமி, "திருப்பூர் பள்ளி வேன் டிரைவருக்கு குடலிறக்கம் ஆபரேஷனாம். ஒரு மாசத்துக்கு ஓட்டக்கூடாதாம். பிள்ளைங்கள்லாம் வீட்டுல பூட்டிக் கிடக்குதுங்களாம்" என்றாள்.

"வேற ஆள் போட வேண்டியதுதானே?"

"போட்டாங்களாம். வந்தவன் ரெண்டே நாள்ல கம்பெனி வேன் ஓட்டப் போயிட்டானாம். நீங்க வூட்டுல சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க?"

அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்தேன். பெட்டியில் பாதியை முறுக்கு அடைத்துக்கொண்டது.

திருப்பூரில் இறங்கியதும் நான் பேசிய முதல் ஆள் ஓர் ஆட்டோக்காரர். பள்ளி இருக்கும் ராயபுரம் போக வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணா சிலோனுங்களா?" மலேசியா என்றேன். "அப்ப ஏனுங்ண்ணா இங்க வந்தீங்க? எங்க ஊர்ல எல்லாரும் அங்கல்ல போகோணும்ங்கறாங்க" என்று சிரித்தார். வழியெங்கும் துணி. மொபெட்டின் முன்னால், பின்னால், கால் வைக்கும் இடத்தில் எல்லாம் துணிக்கட்டு. ஓட்டுகிற ஆளின் தலை மட்டும் மேலே தெரிந்தது. பாலத்தின் கீழே ஆறு சாயத் தண்ணீர் கலந்து கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்ட ஆட்டோக்காரர், "நேத்து பச்சைங்க" என்றார்.

என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடவும் நான் வரவில்லை. ஆனாலும் தெருவில் எல்லாரும் தமிழில் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்க நன்றாக இருந்தது.

பள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு. பின்கட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறை எனக்கு. கோகிலாவுக்கு நாற்பது வயதிருக்கும். வேகமாக நடப்பவர், மெதுவாகப் பேசுபவர். "வாங்ணா. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? சித்த உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்ததும் தட்டை வைத்தார். அரிசியும் பருப்பும் சேர்த்து ஒன்றாய் வேகவைத்த சாதம். அதன் மேல் நெய். அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கு நாலு குழம்பு, இரண்டு மிளகாய்ச் சம்பல் வேண்டும். இது என்ன, காய்ச்சல்காரனுக்குப் போடுவது போல என்று நினைத்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன். மூன்று முறை போட்டுக்கொண்டேன். "அண்ணனுக்கு எங்க ஊரு புடிச்சுப்போச்சாட்ட இருக்குது" என்றார் கோகிலா.

மறுநாள் காலை வேனைப் பார்த்தேன். வயதான டீசல் வேன். என்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில், உள்ளேயே, ஒரு மூடியின் கீழே உறுமிக்கொண்டிருக்கும். இரண்டாவது கியர் விழுவதற்கு முன்னால் அதைக் கெஞ்ச வேண்டும். என்னோடு வரவேண்டிய ஆயாவின் பெயர் ஸ்டெல்லா. தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, தையல் மெஷினில் பல வருடம் உட்கார்ந்து முதுகு வலி கண்டு, பிறகு இங்கே சேர்ந்தவர்.

"அண்ணே, உங்க ஊர்ல எப்படி ஓட்டுவியளோ தெரியாது. இங்க பின்னாடி பாக்காதீங்க. முன்னாடி மட்டும் பாருங்க. பின்னாடி வாரவன் அவன் பொழப்ப அவன் பாத்துக்கிடுவான்."

நல்ல அறிவுரை. முதல் வாரம் முழுக்க அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஈப்போவில் சாலையில் கோடு போட்டிருந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. பல்லடம் சாலையில் கோடு ஒரு அலங்காரம். காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன்கள், டவுன் பஸ்கள், சைக்கிளில் மூன்று பேராகப் போகும் பெண்கள், துணி ஏற்றிய மினி லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரப் பார்க்கும். நான் ஒதுங்கி வழி விட்டால் பின்னால் வருகிறவர்கள் ஏதோ கோளாறு என்று நினைத்து ஜன்னல் வழியாக, "வண்டி நின்னுபோச்சுங்களா?" என்று விசாரித்தார்கள்.

முதலில் ஏறுவது மங்கலத்தில், தறிகளின் சத்தத்துக்கு நடுவே, இரண்டு பிள்ளைகள். அங்கிருந்து சுற்றிக்கொண்டு அருள்புரம். அங்கேதான் நிறையப் பிள்ளைகள். சிமெண்டு ஷீட் போட்ட லைன் வீடுகள், ஒரு வரிசைக்கு ஒரு குழாய். பெற்றவர்கள் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் யாராவது பிள்ளையைத் தூக்கிவந்து ஸ்டெல்லாவின் கையில் கொடுப்பார்கள். வேன் வராத நாட்களில் இந்தப் பிள்ளைகள் அதே ஒற்றை அறையில், கதவு வெளியே தாழிட்டிருக்க, இரவு வரை இருந்திருக்கின்றன. எங்கள் முறுக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அருள்புரத்தில் ஏறுகிறவர்களில் ஒருத்தி இசக்கி. ஆறு வயது. காது கேட்காது, பேச்சும் வரவில்லை. மற்ற பிள்ளைகள் ஜன்னலுக்குச் சண்டை போடும்போது இவள் நேராக வந்து எனக்குப் பின்னால் நின்றுகொள்வாள். என்ஜின் மூடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பரத்தி வைப்பாள். வண்டி உறுமும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். கியர் மாற்றும்போது ஒரு சிரிப்பு, ஏற்றத்தில் ஒரு சிரிப்பு. சிக்னலில் நிற்கும்போது சும்மா ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டுவேன். தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிப்பாள். இரண்டு நாளில் டீசல் ஏன் இப்படித் தீர்கிறது என்று கோகிலா கேட்டார். வண்டி பழசு என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இசக்கியின் அம்மா பேச்சியம்மாளை நான் முதல் வாரத்தில் பார்க்கவே இல்லை. கம்பெனியில் செக்கிங் வேலை. விடிந்ததும் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவாராம். அப்பா?

"அவரு போயிட்டாரு அண்ணே. இந்தப் பிள்ளைக்கு காது கேக்காதுன்னு ஆஸ்பத்திரில சொன்ன கொஞ்ச நாள்ல" என்றார் ஸ்டெல்லா. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் மங்கலம் சாலையில் டயர் வெடித்தது. ஜாக்கியில் தூக்க வேண்டுமென்றால் பிள்ளைகளை இறக்கியாக வேண்டும். பாதிப் பேருக்கு நிற்க வராது. வெயில் வேறு. நானும் ஸ்டெல்லாவும் விழித்துக்கொண்டு நிற்க, எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரி நிழலில் போய் நின்றார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்யும் வட நாட்டு இளைஞர் ஒருவர், முழங்கை வரை நீலம் பிடித்த கையால், கழுத்து நிற்காத ஒரு பையனை ஏந்திக்கொண்டார். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டே தன் நண்பரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். ஸ்டெல்லாவுக்குக் கம்பெனியில் பழகிய இந்தி உண்டு.

"என்ன சொல்றாரு?"

"இவனுக்கும் அவன் தம்பிக்கும் ஒரே மூக்காம்."

டயர் மாற்றி முடித்த பிறகும் பிள்ளைகளைத் திருப்பி வாங்கச் சிறிது நேரம் ஆயிற்று. சிலர் கொடுக்க மனமில்லாமல் இன்னொரு பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்குக் காசு கொடுக்கப் போனேன். கடைக்காரர், "போங்ணா, அக்கட்ட" என்று துரத்திவிட்டார்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து லெட்சுமிக்குப் போன் செய்தேன். "பசியாறிட்டீங்களா?" என்றாள் முதலில். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அவளுக்கு அதுதான் முதல் கேள்வி. இங்கே டீ பாலில் மட்டுமே போடுகிறார்கள், பால் விடாத 'தே ஓ' கேட்டால் கடைக்காரர் நான் கோபித்துக்கொண்டேனா என்று பார்க்கிறார் என்றேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். பூத்துக்காரர் மீட்டரைத் தட்டிக் காட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இவ்வளவு பேசுவேன் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை அது நடந்தது.

கோகிலா ஏதோ வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். மாலையில் பள்ளியைப் பூட்டிவிட்டு நாங்கள் வழக்கம்போலப் புறப்பட்டோம். மங்கலத்துப் பிள்ளைகளை இறக்கி, அருள்புரத்துக்கு வந்து, ஒவ்வொருவராக விட்டுவிட்டு, கடைசியாக இசக்கியின் வீடு. லைன் வீட்டுக் கதவில் புதிதாக ஒரு பெரிய பூட்டு. எப்போதும் பிள்ளையை வாங்கிக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணையும் காணோம், அந்தக் கதவும் சாத்தியிருந்தது. ஸ்டெல்லா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்த முகம் சரியில்லை.

நானும் பார்த்தேன். அறையில் ஒன்றுமே இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் கரி வட்டம். சுவரில் காலண்டர் தொங்கிய ஆணி.

லைன் வீட்டுச் சொந்தக்காரர் எதிரே கட்டிலில் உட்கார்ந்து தினத்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். "காலி பண்ணிப்போட்டாங்களே, தெரியாதுங்களா? மத்தியானம் டெம்போ வந்துச்சு. சாமானத்த ஏத்துனாங்க, போயிட்டாங்க. ஒரு மாசம் முன்னாடியே சொல்லோணும்னு நான் ரெண்டு வார்த்தை பேசுனனுங்க. அதுல கோவம். எங்கன்னு சொல்லல, நானும் கேக்கல."

"பக்கத்து வீட்டுல?"

"அவிய அப்பனுக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டாங்க. காலைல இந்தப் புள்ளைய வேன்ல ஏத்திவுட்டுப்போட்டு அப்படியே பஸ் ஏறுனாங்க."

இசக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவிடம் வந்து பூட்டைத் தொட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். எங்கே என்பதற்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்த சைகை அது.

பேச்சியம்மாள் வேலை பார்த்த கம்பெனி பக்கத்தில்தான். அங்கே போனோம். வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். "அந்தம்மா நேத்தோட நின்னுட்டாங்களாம். கணக்கெல்லாம் முடிச்சு வாங்கிட்டாங்களாம்" என்றார்.

வேனுக்குத் திரும்பும்போது ஸ்டெல்லா என் பக்கமாக வந்து, பிள்ளைக்குக் காது கேட்காது என்பதையும் மறந்து, தணிந்த குரலில் சொன்னார்: "போன வருசம் இப்படித்தான் அண்ணே. ஒரு பையன். சாயங்காலம் கொண்டு விடப் போனா வீடு காலி. ஒரு வாரம் கோகிலாக்கா வீட்டுல வச்சிருந்தாவ. பொறவு ஹோம்ல சேத்தாச்சு. இன்னைக்கு வரைக்கும் யாரும் வந்து கேக்கல."

என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. வேலையை விட்டாயிற்று, சம்பளத்தை வாங்கியாயிற்று, பிள்ளையை வேனில் ஏற்றிய பிறகு சாமானை ஏற்றியாயிற்று. வேறு என்ன வேண்டும்? ஒரு பெண்ணை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ஒரு கடையிலிருந்து கோகிலாவின் கைபேசிக்குப் போன் செய்தோம். அவர் பஸ்ஸில் இருந்தார். "ஸ்கூலுக்கே கூட்டிட்டு வந்துருங்ண்ணா. நான் வந்துட்டே இருக்கறேன். புள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க" என்றார். தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தோம். இசக்கி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. என்ஜின் மூடியில் கை வைக்கவும் இல்லை. ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை மாலைப் பல்லடம் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பள நாள். ஊரே சாலையில் இருக்கும். வீரபாண்டிப் பிரிவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வண்டிகள் அசையாமல் நின்றன. எங்களுக்கு எதிர்த் திசையில் ஒரு டவுன் பஸ், படியெல்லாம் ஆட்களோடு, கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகையும் இல்லை, கூச்சலும் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரே ஒரு நீண்ட ஒலி. திரும்பினேன். இசக்கி இரண்டு கையாலும் ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

"பயந்துட்டா பிள்ளை" என்று ஸ்டெல்லா அவளை அணைக்கப் போனார். அணைத்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அண்ணே! அந்த பஸ்ஸு! பேச்சி! பேச்சி அந்த பஸ்ஸுல நிக்கா!"

பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. முன் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா கத்தினார். நான் ஹார்னை அழுத்தினேன். அந்தச் சாலையில் யார் ஹார்னுக்குத் திரும்புவார்கள்? பஸ் நகர்ந்துவிட்டது.

வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியவன் நான். போலீஸிடம் ஒரு அபராதச் சம்மன் வாங்கியதில்லை. அன்று கோட்டின் மேலேயே வேனைத் திருப்பினேன். ஒரு மினி லாரிக்காரர் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். ஒரு மொபெட்டிலிருந்து துணிக்கட்டு சரிந்தது. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே அந்த பஸ்ஸின் பின்னால் போனேன். இரண்டாவது கியர் அன்று கெஞ்சாமலே விழுந்தது.

அருள்புரம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. பேச்சியம்மாள் குதித்து இறங்கி லைன் வீட்டுப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். காலில் செருப்பு இல்லை. வேனை அப்படியே குறுக்கே நிறுத்தினேன். ஸ்டெல்லா இறங்கி, "ஏட்டி பேச்சி!" என்று போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பியது. அவளும் திரும்பினாள்.

இசக்கி ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் நடந்து போனாள். அம்மாவின் முன்னால் நின்றாள். பிறகு சின்ன முஷ்டிகளை மடக்கிக்கொண்டு அவள் வயிற்றில் குத்த ஆரம்பித்தாள். பேச்சியம்மாள் தடுக்கவில்லை. அந்தப் புழுதியில் மண்டி போட்டு உட்கார்ந்து, தோளையும் முகத்தையும் குத்துக்கு வாகாகக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். குத்தி ஓய்ந்த கை அப்படியே கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

நடந்தது இதுதான். பள்ளிக்குப் பின் தெருவிலேயே பேச்சியம்மாள் ஒரு அறை பார்த்துவிட்டாள். அதே தெருவில் ஒரு சின்ன அயர்னிங் யூனிட்டில் வேலையும். சம்பளம் குறைவு. ஆனால் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் பள்ளிக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று வேனில் சொல்லிவிடும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். தன் அப்பாவுக்கு முடியவில்லை என்ற செய்தி வந்த பதற்றத்தில் அந்தப் பெண் மறந்துவிட்டாள். டெம்போக்காரர் இறக்கி முடிக்க நேரமாகிவிட்டது. பேச்சியம்மாள் பள்ளிக்கு ஓடிவந்தபோது கதவு பூட்டியிருந்தது. பழைய வீட்டில்தான் விடுவார்கள் என்று பஸ் ஏறியிருக்கிறாள். செருப்பு அந்த பஸ் நெரிசலில் போயிற்று.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?" என்று ஸ்டெல்லா திட்டினார், அழுதுகொண்டே.

"வீடு நெசமா கைக்கு வந்தபொறவு சொல்லலாம்னு இருந்தேன் அக்கா."

அன்று மூவரையும் ராயபுரத்துக்கு நான்தான் ஓட்டிவந்தேன். இசக்கி அம்மாவின் மடியிலேயே தூங்கிப் போனாள். நசுங்கிய பன்னை ஸ்டெல்லா தின்றார்.

திங்கட்கிழமை முதல் இசக்கிக்கு வேன் தேவைப்படவில்லை. அது நல்ல செய்திதான். ஆனாலும் சிக்னலில் நிற்கும்போது கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தது. பின்னால் சிரிக்க ஆள் இல்லை. அந்த வாரம் டீசல் மிச்சமானது என்று கோகிலா பாராட்டினார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருந்தால் வருத்தப்படுவாள் என்று ஸ்டெல்லா சொல்லியனுப்பினார். ஒற்றை அறை. ஒரு ஜன்னல் தெருவைப் பார்த்தது. மீன் குழம்பு வைத்திருந்தாள். தேங்காயும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றி, மாங்காய் போட்ட குழம்பு. எங்கள் ஊரில் அசாம் என்று மலாயில் சொல்கிற புளியைப் போட்டு வைப்போம். இது வேறு புளிப்பு. நன்றாக இருந்தது. இசக்கி சாப்பிட்டுவிட்டுத் தெருவில் விளையாடப் போய்விட்டாள். எதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளோடு சேர்ந்து மணலைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

சோறு வைத்துக்கொண்டே பேச்சியம்மாள் கேட்டாள்: "அண்ணாச்சி, அன்னைக்கு நான் பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சியளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. "ஆமாம்மா. நினைச்சேன்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"விட்டுட்டுப் போயிருக்கேன் அண்ணாச்சி. அன்னைக்கு இல்ல. இவ அப்பா போன கொஞ்ச நாள்ல. பஸ் ஸ்டாண்டுல ஒரு பெஞ்சுல உக்கார வச்சி, கைல பிஸ்கட்ட குடுத்துட்டு, மதுர பஸ்ல ஏறிட்டேன். ஜன்னல் வழியா பாத்தேன். பிஸ்கட்ட தின்னுட்டு இருந்தா. நான் ஏறுனத பாக்கவே இல்ல."

நான் கையைச் சோற்றிலேயே வைத்திருந்தேன்.

"வேற பிள்ளையா இருந்தா அம்மான்னு கத்தியிருக்கும். நானும் காத பொத்திக்கிட்டு போயிருப்பேன். இவ கூப்பிட மாட்டாளே. எங்க விட்டாலும், எத்தன வருசம் ஆனாலும், என்னைய ஒரு தடவகூட கூப்பிட மாட்டா. பஸ்ஸு நகர ஆரம்பிச்சதும் அதத்தான் நினைச்சேன். இறங்கிட்டேன்." கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, "பிஸ்கட்டு பாதிதான் தீந்திருந்துச்சு" என்றாள்.

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். அவள் ஊற்றினாள்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இசக்கி தெரு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் துணிக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டு பிள்ளைகள் மணி கேட்டு ஓரமாகப் போய்விட்டார்கள். நான் பதறி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

பேச்சியம்மாள் கூப்பிடவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே எழுந்தாள். படியிறங்கித் தெருவுக்குப் போனாள். சைக்கிள்காரரைக் கைகாட்டி நிறுத்தினாள். மகளுக்கு முன்பக்கமாகச் சுற்றிப் போய், அவள் கண்ணில் படும்படி குனிந்து நின்றாள். இசக்கி நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு கையிலும் மணலோடு.